நெஞ்சுக்குள் தவளை

பேத்திக்கு இளைப்பு இல்லை. இளைப்பு என்று சொல்லி ஒன்றரை வருஷம் அவள் முகத்தில் குடுவையை அமுக்கி மருந்துப் பம்பு அடிக்க வைத்தான். நடந்தது இவ்வளவுதான். இதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவன் கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மஞ்சப்பை. பைக்குள் பம்பு, குடுவை, காலி மருந்து பாட்டில்கள். காலை அசைத்தால் உள்ளே கலகலக்கிறது. கலகலக்கட்டும். ஒவ்வொன்றாக எடுத்து அவன் மேஜையில் வைப்பேன். பேசமாட்டேன். வைத்து முடித்த பிறகு பேசுவேன். என்ன பேசுவது என்று வீட்டிலிருந்து இந்தத் தூத்துக்குடி வெயிலில் நடந்து வருகையில் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். டாக்டர் சார். சார் எதற்கு? டாக்டர். அதுவும் எதற்கு? கோமதிநாயகம், என் பேத்தி நெஞ்சில் இருந்தது என்ன, சொல். இதுதான் சரி. சொல்லட்டும். வாசலில் செருப்பு வரிசை. இவன் சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் வருவான். ஆட்கள் முன்னாலேயே வந்து செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கவும் காய் வாங்கவும் போய்விடுவார்கள். செருப்பு அவர்களுக்காக நிற்கும். என் செருப்பும் நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு ஜோடி கோணலாகக் கிடந்தது, காலால் நேராக்கினேன். பி.டி. வாத்தியாராக இருந்தவன் வரிசை கோணினால் பொறுக்கமாட்டான். வாசல் மேஜையில் சீட்டு எழுதும் முத்துக்கனிதான் முதலில் பார்த்தாள். "சார், நீங்க எதுக்கு செருப்பப் போட்டுட்டு உக்காந்திருக்கீய? டாக்டர் பாத்தா என்னயத்தான் ஏசுவாவ. உள்ள போங்க." இருக்கட்டும் என்றேன். "சார், சொன்னாக் கேளுங்க." "செருப்பு நிக்கில்லா? அதுக்குப் பின்னால நானும் நிப்பேன்." இன்றைக்கு நான் இங்கே சார் இல்லை.

சார் என்று சொல்லித்தான் எல்லாம் கெட்டது. அவன் என்னிடம் படித்தவன். எட்டாம் வகுப்பில் ஒல்லிக்குச்சி, ஓடச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பான். அவனை மைதானத்தைச் சுற்ற வைத்தவன் நான். பிறகு டாக்டர் ஆனான், ஊரெல்லாம் பேர் வந்தது, எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பேத்தி வர்ஷியைத் தூக்கிக்கொண்டு முதல்தடவை வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். சார்! வரிசையை எல்லாம் தாண்டி உள்ளே கூப்பிட்டான். "சார் முட்டிவலி எப்படி இருக்கு? நடக்கீங்களா? அந்தக் காலத்துல எங்கள என்ன ஓட்டம் ஓடவிட்டீங்க!" சிரிப்பான். நானும் சிரிப்பேன். அதற்கிடையில் குழாயை எடுத்துப் பிள்ளையின் கவுனுக்கு மேலேயே இரண்டு இடத்தில் வைப்பான், எடுப்பான். "லேசா இளைப்பு இருக்கு சார். பயப்படாதீங்க. நம்ம பிள்ள." கவுனுக்கு மேலே. ஜரிகை வைத்த கவுன். என்ன கேட்டிருக்கும்? ஜரிகை கேட்டிருக்கும். இருமல் ஈரமா வறட்டா என்று கேட்கவில்லை. காலையிலா ராத்திரியிலா என்று கேட்கவில்லை. வேறு எவளாவது தெருவில் போகிறவள் பிள்ளையைத் தூக்கி வந்திருந்தால் அதட்டிக் கேட்டிருப்பான். எத்தனை நாளா? ஏன் இத்தனை நாள் கொண்டு வரல? அப்படி அதட்டியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். சாரை எப்படி அதட்டுவான்? மரியாதை. மரியாதையால் பிள்ளையைப் பார்க்காமல் விட்டான். காய்ச்சல் வந்தால் ஒரு மருந்து எழுதுவான். "காய்ச்சல் நின்னா நிறுத்திருங்க சார், பிள்ள உடம்புல எதுக்கு வீணா மருந்து?" நிறுத்தினோம். இருமல் குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம் மறுபடி ஏறும். மறுபடி செருப்பு வரிசையைத் தாண்டி உள்ளே போவோம், மறுபடி முட்டி, மறுபடி சிரிப்பு. மைதானத்தைச் சுற்றுகிற மாதிரி சுற்றினோம். விசில் அடிக்க ஆளில்லை.

அந்த இருமல். இப்போதும் காதுக்குள் இருக்கிறது. வறட்டு இருமல் நாய் குரைப்பதுபோல வெளியே வந்துவிடும், இது வராது. கீழே கிடந்து புரளும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிய தொட்டியில் மோட்டாரைப் போட்டால் இழுக்குமே, அப்படி ஒரு களகளப்பு. காலையில் கண் விழித்ததும் தொடங்கும். பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு இருமுவாள், கண் பிதுங்கும், முகம் சிவக்கும், ஏதோ தொண்டைக்கு வரும், துப்பு துப்பு என்றால் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவாள். விழுங்கிவிட்டு என்னைப் பார்ப்பாள், ஏதோ தப்பு செய்த மாதிரி. ஒருநாள் என் கையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள். "தாத்தா, உள்ள தவள இருக்கு." "தவளையா?" "ஆமா. மூச்சு விட்டா குதிக்கும். பாரு." மூச்சை இழுத்து விட்டாள். குதித்தது. என் உள்ளங்கைக்குக் கீழே, எலும்புக்கு அந்தப்பக்கம், வழவழவென்று ஒன்று நகர்ந்தது. கையை எடுத்துவிட்டேன். "தவள எப்ப வெளிய வரும் தாத்தா?" "மழை பேஞ்சா வரும்." வாயில் வந்ததைச் சொன்னேன். தூத்துக்குடியில் என்றைக்கு மழை பெய்கிறது? அவள் ஜன்னலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அதை நினைத்தால் எனக்கு இந்தப் பையைத் தூக்கி அவன் கண்ணாடிக் கதவில் எறியவேண்டும் போலிருக்கிறது. பிறகு பள்ளிக்கூட விளையாட்டு விழா. யுகேஜி பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சு ஓட்டம், இங்கிருந்து அந்த வேலி வரைக்கும்தான். என் பேத்தி. முன்னால் நாற்காலியில் நான். பாதியில் நின்றாள். குனிந்தாள். இருமி இருமி மண்ணில் வாந்தி எடுத்தாள், கட்டிகட்டியாகச் சளி, பச்சையாக. பக்கத்துக் கோட்டில் ஓடிய பிள்ளை சுற்றிக்கொண்டு ஓடியது. ஒலிபெருக்கியில் ஒருத்தி கைதட்டுங்கள் கைதட்டுங்கள் என்றாள். தட்டினார்கள். ஒரு பிள்ளைக்கும் அந்த மாதிரிக் கைதட்டு கிடைக்கக்கூடாது.

கோபம் அப்போதுகூட வரவில்லை. இருமுகிற வீட்டில் கோபப்பட நேரம் இல்லை. வேறொரு டாக்டர் மருந்தில் இருமல் நின்ற பிறகுதான் வந்தது. ஒருநாள் காலை எழுந்தேன், வீட்டில் சத்தமே இல்லை. பயந்து போய்ப் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள், மூச்சு துணி மடிப்பதுபோலப் போய்வருகிறது. அந்த அமைதியில்தான் ஏறியது. அப்படியானால் இது முன்னாலேயே முடிந்திருக்கும். அப்படியானால் அத்தனை காலையும் வீண். அவளுக்கு இருக்கிறதே ஐந்து வயசு, அதில் இத்தனையை ஒருத்தன் எடுத்துக்கொண்டு முட்டிவலி கேட்டிருக்கிறான். இப்போதும் அவள் தண்ணீர் குடித்துப் புரையேறினால் போதும், கையில் இருக்கிற பேப்பர் நின்றுவிடும். மறுபடியா? காத்திருப்பேன். அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். நான் அங்கேயே நின்றிருப்பேன், அதே வரியில்.

மகன் பாஸ்கர் பெண்டாட்டி. என் மருமகள். அவள் பெயரை நான் சொல்வதில்லை. பாஸ்கர் அவளைக் கட்டுவேன் என்று வந்து நின்ற அன்றைக்குச் சொன்னேன், அந்தப் பேர் என் வாயில் வராது என்று. வரவில்லை. ஏ பிள்ளை என்பேன், வர்ஷி அம்மா என்பேன். ஞாயிற்றுக்கிழமை முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போவாள், அவளுடைய மாதா கோவிலுக்கு, நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. சோறு வேண்டுமா என்றால் வேண்டும். அவ்வளவுதான். எங்கள் பக்கம் டாக்டரிடம் போவதென்றால் பிள்ளையைச் சீவிச் சிங்காரித்துத்தான் தூக்கிப் போவார்கள். வெந்நீரில் குளிப்பாட்டுவார்கள், முதுகைத் தட்டிச் சளியை இறக்குவார்கள், மூக்கைச் சிந்திவிடுவார்கள், பவுடரை அப்பி நல்ல கவுனை மாட்டுவார்கள். நோயைக் கழுவிவிட்டு நோயைக் காட்டப் போவோம். அதுவும் சாயங்காலம். காலையில் இருமியதெல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும், பிள்ளை பொம்மைபோல அவன் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஊரே அப்படித்தான் செய்கிறது. இவளும் செய்தாள். பிறகு ஒருநாள் செய்யவில்லை. விடிந்தும் விடியாமல், வர்ஷி பாயில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள், இவள் அப்படியே வாரித் தோளில் போட்டாள். கழுவாத முகம். ஓட்டைச் சிம்மீசு. மூக்கிலிருந்து வாய்வரைக்கும் வழிகிறது. இவள் தலையும் சிக்கு, நைட்டிக்கு மேலே ஒரு துண்டு. நான் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டேன். "எங்க தூக்கிட்டுப் போற? முகத்தக் கூடக் கழுவாம? பிச்ச எடுக்கப் போற பிள்ள மாதிரி! சாருக்குப் பேத்தின்னு நாலு பேருக்குத் தெரியும்!" தெருவே திரும்பியது. கத்தத்தான் செய்வேன். அவள் ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். அழவில்லை. "இவ இருமுறத ஒரு ஆளாவது கேக்கட்டும் மாமா." ஏறிப் போய்விட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு. பெரியாஸ்பத்திரி வரிசையில் வெந்நீர் கொடுக்காமல், முதுகைத் தட்டாமல், இருமட்டும் இருமட்டும் என்று வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் ஏசியிருப்பார்கள். ஏசியிருப்பார்கள். என்னைப்போல. சரி.

அங்கே இருந்தது ஒரு சின்னப்பெண் டாக்டர், அந்த மாதம்தான் வந்தவளாம். இதெல்லாம் நேராக எனக்குச் சொல்லவில்லை. மருமகள் அடுப்படியில் பாஸ்கரிடம் சொன்னாள், நான் கூடத்தில் பேப்பரோடு இருந்தேன். அந்த டாக்டர் பிள்ளையின் சிம்மீசைத் தூக்கிவிட்டு முதுகில் வைத்துக் கேட்டிருக்கிறாள், இன்னொருக்கா இருமு கண்ணு என்று இரும வைத்துக் கேட்டிருக்கிறாள். இளைப்பு என்றால் நெஞ்சில் விசில் கேட்கணும், இதில் விசிலே இல்லையே, இது ஈர இருமல்லா என்றாளாம். விசில் இல்லை. நான் பேப்பரைக் கீழே வைத்தேன். மூச்சுக்குழலில் கிருமி பாய் விரித்துப் படுத்துக் கிடக்கிறதாம். மூன்று நாள் மருந்துக்கு அது போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும், நிறுத்தியதும் எழுந்து உட்காரும். அதனால் இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தக்கூடாது, சொல்கிற நாள்வரைக்கும் கொடுக்கணும். படம் எடுத்தார்கள். நல்லவேளை என்றார்களாம். இன்னும் சில வருஷம் இப்படியே விட்டிருந்தால் குழல் தொளதொளத்துப் போகும், பிறகு திரும்பாது. பழைய காலுறையின் ரப்பர் மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். எத்தனை பார்த்திருக்கிறேன். பையன்கள் ஓட ஓட இறங்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு இழுத்துவிட்டாலும் நிற்காது. என் பேத்தியின் நெஞ்சு அப்படி ஆகியிருக்கும். இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவன் அப்போதும் நம்ம பிள்ளை சார் என்றிருப்பான். மருந்தை மருமகள் ஒருவேளைகூட விடவில்லை. வாய்க்குள் ஊற்றி, மூக்கைப் பிடிக்காமல், கதை சொல்லி, விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து. இரண்டாவது வாரம் ஒருநாள் வர்ஷி வந்து என் கையை எடுத்து முதுகில் வைத்தாள். "தாத்தா, தவள போயிட்டு." "மழை பெய்யலயே." "மழ இல்லாமயே போயிட்டு."

தவளைச் சத்தம். இங்கே. நிமிர்ந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், மடியில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை, இரண்டு வயசு இருக்கும். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக. இருமுகிறது. புரளுகிறது. அதே களகளப்பு, அதே மோட்டார். என் கை பையை இறுக்கிவிட்டது. அந்தப் பெண் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினாள், குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்ட ஆரம்பித்தாள். பட் பட் பட். எனக்கென்ன? நான் வந்த வேலை வேறு. ஒருத்தனைக் குனியவைக்க வந்திருக்கிறேன். பட் பட். "ஏம்மா, தட்டாத." வாய் சொல்லிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன தாத்தா?" "தட்டாதங்கேன். சுடுதண்ணியும் கொடுக்காத." "அடைக்கில்லா? பாருங்க எப்படி இருமுதான்னு. உள்ள போய் இப்படி இருமுனா அசிங்கமா இருக்கும்." "அசிங்கமா இருக்கட்டும். உள்ள போய் இருமட்டும்." "நீங்க டாக்டரா?" "இல்ல. பி.டி. வாத்தியார்." "பின்ன?" "பின்ன ஒண்ணுமில்ல. தட்டாத." பக்கத்தில் இருந்த ஒருத்தன் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். "பாட்டையா, பிள்ளைக்கு டிரில் எடுக்கீயளோ?" அவனை ஒரு பார்வை பார்த்தேன். மைதானத்தில் பார்க்கிற பார்வை. போனுக்குள் போய்விட்டான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எவ்வளவு நாளா?" "பொங்கலுக்கு முன்னாலருந்து. இளைப்புன்னாவ. பம்பு அடிக்கோம்." தெரியும். எனக்குத் தெரியும். "விடியக்காலம்தான் ஜாஸ்தியா?" அவள் கை நின்றது. "ஆமா. எப்படித் தெரியும்?" முத்துக்கனி கூப்பிட்டுவிட்டாள், மஞ்சள் கவுனைத்தான். எனக்கு முன்னால் கோணிக் கிடந்த செருப்பு இவளுடையதுதான் போல. அவள் எழுந்தாள், பிளாஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிளாஸ்க்கை மூடினாள். குழந்தையை இருமலோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு சாத்தினாலும் சத்தம் கேட்கும். இருமல் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அவன் குரல் ஏதோ தொடங்கியது, அதற்குள் மறுபடி இருமல், நீளமாக, அடியிலிருந்து, பிறகு வாந்தி எடுக்கிற சத்தம். நல்லது. அவன் மேஜைமேலேயே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு அவன் சொன்னான்: "அந்தக் கவுனைக் கழட்டுங்க." அதைக் கேட்டதும் பை லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பை கனமாகத்தான் இருக்கவேண்டும். இந்தப் பிள்ளைக்குக் கழற்றச் சொல்கிறாய், என் பிள்ளைக்கு ஏன் சொல்லவில்லை? நினைத்து நினைத்து மறுபடி கனமாக்கிக்கொண்டேன். ஜரிகைக் கவுன். கைதட்டல். ஜன்னலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை. கனம் வந்துவிட்டது. கதவு திறந்தது. அந்தப் பெண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "படம் எடுத்துட்டு நாளைக்குக் காலையிலயே வரச் சொல்லுதாவ, எந்திரிச்ச முகத்தோட. டாக்டரும் காலையிலயே வாராவளாம்." சொல்லிவிட்டு நின்றாள். நான் தலையை ஆட்டினேன். "சுயம்புலிங்கம் சார்," என்று என்னைக் கூப்பிட்டாள் முத்துக்கனி, குரலை இறக்கி.

நான் உள்ளே போனதும் எழுந்து நின்றுவிட்டான். "சார்! சார் நீங்க எதுக்கு வெளிய..." "உக்காரு." உட்கார்ந்தான். அறையில் பினாயில் வாசனை, தரையை இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள். பையைத் திறந்தேன். பம்பு. குடுவை. பாட்டில்கள், ஒவ்வொன்றாக, வரிசையாக, கோணாமல். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். முட்டிவலி கேட்கவில்லை. பம்பை எடுத்து ஒருதடவை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான். தயார் செய்து வந்த பேச்சு எதுவும் என் வாய்க்கு வரவில்லை. "இது இளைப்பு இல்ல" என்றேன். "நெஞ்சுல வச்சுப் பாத்தேனே சார்..." "கவுனுக்கு மேல வச்சுப் பாத்த." குனிந்தான். குனிந்துவிட்டான், இதற்குத்தான் வந்தேன், பார்த்தாயிற்று, ஒல்லிக்குச்சியாக வேப்பமரத்தடியில் நின்ற அதே தலை, இப்போது நடுவில் வழுக்கை. போதவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "வர்ஷினி இப்ப எப்படி சார்?" "ஓடுதா." "இருமல்?" "இல்ல." மூச்சை விட்டான். நிஜமாகத்தான் விட்டான், அதையும் பார்த்தேன். பேனாவை எடுத்துத் தாளை இழுத்துக்கொண்டான். "யாரு சார் கண்டுபிடிச்சது? மதுரையா, திருநெல்வேலியா? பேரு சொல்லுங்க. நான் அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும். இதே மாதிரிப் பிள்ளைங்க இங்க இன்னும் இருக்கும் சார்." அந்தச் சின்னப்பெண் டாக்டர் பேர் எனக்குத் தெரியாது. அவள் மருந்து எழுதினாள். எழுதட்டும், அது அவள் வேலை. ஆனால் கழுவாத முகத்தோடு ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க, நான் கத்தக் கத்த, ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாளே. இவன் அந்தப் பேரைத் தன் கையால் எழுதவேண்டும். நான் சொல்லி இவன் எழுதவேண்டும். பாக்கி அதுதான். "எங்க வீட்ல இருக்கா" என்றேன். "சார்?" நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, கட்டிவைத்து வருஷக்கணக்கான மாடு மாதிரி, அவிழ்த்துவிட்டாலும் நகராமல். "எழுதுடே," என்றேன். "ஜெசிந்தா."